சம்பந்தி கொடுத்த டிவிக்கு விக்கல்

சம்பந்தியம்மாளைப் போல ஆனந்தவள்ளி நடித்துக் காட்டியது மொத்தத்தில் அரை நிமிஷம்கூட இருக்காது. அதை மறைக்க அவள் பார்த்த வேலைகளுக்குத்தான் புரட்டாசி முழுவதும் போய், ஐப்பசியும் பாதி கரைந்தது.

நடந்தது ஆவணியில், மகன் அஜித்தின் கல்யாணத்தன்று. பெண் உப்பிலியபுரம், பெயர் ஜோதி. கல்யாணம் ஸ்ரீரங்கத்தில், மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு. சமையல்காரரைத் தேடிப் பிடித்தது ஆனந்தவள்ளி. அந்த ஆள் சமைத்த விசேஷங்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு உறவு சொல்லிக்கொண்டு போய், உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்து, அதற்கப்புறம்தான் வெற்றிலை பாக்கு வைத்தாள். அப்படிப்பட்ட சமையலை, தாலி ஏறிய கையோடு பெண்ணின் அம்மா அழகம்மாள் பார்வையிடக் கிளம்பினார். ஒவ்வொரு அண்டாவின் முன்னாலும் நின்றார். கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். நாக்கை இரண்டு தரம் சப்புக்கொட்டி, “பரவாயில்ல” என்றார். சாம்பாருக்குப் பரவாயில்ல. வத்தக்குழம்புக்குப் பரவாயில்ல. பால் பாயசத்துக்கு மட்டும் கூரையை இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டு, அதற்கும் அதே பரவாயில்ல.

ஆனந்தவள்ளிக்கு வயிறு எரிந்தது. வையம்பட்டியிலிருந்து வந்திருந்த அவளுடைய தங்கை, சம்பந்தியம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டதுதான் தாமதம், காய்கறி மூட்டைகளுக்குப் பின்னால் அவளை இழுத்துக்கொண்டு போய், ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு செய்து காட்டிவிட்டாள். இடுப்பில் ஒரு கை, உள்ளங்கையில் சொட்டு, ஒற்றைக்கண், கூரை, சப்பு, பரவாயில்ல. தங்கை சிரித்த சிரிப்பில் தேங்காய்க் கூடை சரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். வீடியோ எடுக்க வந்த ஸ்டீபன்ராஜ், சமையல்கட்டையும் இரண்டு ஷாட் எடுத்து வைப்போம் என்று வாழைத்தார்களுக்கு நடுவில் கேமராவோடு நின்றிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

வீடியோ தயாராகிப் புரட்டாசியில்தான் வந்தது. அஜித் அதற்குள் பெங்களூரில் வேலைக்குத் திரும்பிவிட்டான். ஜோதிக்கு மன்னார்புரத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. மாற்றல் கிடைக்கும்வரை மாமியார் வீட்டில் இருந்து போய் வந்தாள். ஸ்டீபன்ராஜ் அனுப்பிய லிங்க் குடும்பத்தில் எல்லார் போனுக்கும் போயிற்று. முழுநீள வீடியோ, ஒரு மத்தியானத்தையே விழுங்கக்கூடிய நீளம். எல்லாரும் சேர்ந்து ஒருநாள் பெரிய டிவியில் பார்ப்பது, அதுவரை யாரும் போனில் பார்ப்பதில்லை என்று பேச்சு.

அந்தப் பெரிய டிவி சீர்வரிசையில் வந்தது. துறையூர்க் கடையில் இருந்த டிவிகளை எல்லாம் ஓடவிட்டுப் பார்த்து அழகம்மாளே தேர்ந்தெடுத்தது. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் இருந்த ஆனந்தவள்ளியின் அபார்ட்மெண்டில் ஹாலின் ஒரு சுவரை அது அப்படியே எடுத்துக்கொண்டது.

ஆனந்தவள்ளிக்கு எல்லாரும் சேரும்வரை பொறுக்கவில்லை. வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில், தன் பட்டுப்புடவை வீடியோவில் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகத் தனியாகப் போட்டுப் பார்த்தாள். படம் சரியாக ஓடவில்லை. கேமரா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும்போதெல்லாம், விக்கல் எடுத்தவன் தண்ணீர் குடிப்பதுபோலப் படம் திக்கித் திக்கிப் போயிற்று. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தவள் பந்திக்கு முந்தின காட்சியில் கையில் இருந்த ரிமோட்டைக் கீழே போட்டாள்.

டிவியில் அவளேதான் நின்றாள். வெறுமனே நிற்கவில்லை, ஸ்டீபன்ராஜ் அதை ஸ்லோ மோஷனில் போட்டிருந்தார். கரண்டியிலிருந்து சொட்டு மெல்ல மெல்ல இறங்கி உள்ளங்கையில் விழுந்தது. கண் மெல்ல மூடியது. முகம் மெல்லக் கூரைப் பக்கம் திரும்பியது. பின்னணியில் புல்லாங்குழல் வேறு. படம் விக்கினாலும் அது யாரைப் போலச் செய்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

உடனே ஸ்டீபன்ராஜுக்குப் போன் போட்டு, அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று பக்குவமாகக் கேட்டாள். அவர் பதறிப்போனார். அந்த வீடியோவிலேயே இயல்பாக வந்திருப்பது அது ஒன்றுதான் என்றார். அதற்காகவே அதிக ஃப்ரேமில் எடுத்தேன், அப்படி எடுத்தால்தான் ஸ்லோ மோஷன் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் என்று விளக்கினார். வெட்டவேண்டும் என்றால் அஜித் சார் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார். அஜித்திடம் என்ன காரணம் சொல்வது? போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே அழகம்மாளின் போன் வந்தது. அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை ஆரம்பித்திருந்தது. புதன்கிழமை தோறும் தில்லைநகரில் டாக்டரைப் பார்க்க வருகிறாராம். அப்படியே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்து, மகளையும் பார்த்துவிட்டு, எல்லாரோடும் உட்கார்ந்து வீடியோவும் பார்த்துவிட்டுப் போவதாகத் திட்டம். போனில் பார்த்தால் கண் வலிக்கிறது, பெரிய டிவியில்தான் பார்ப்பேன் என்றார். ஆனந்தவள்ளி, அதுக்கென்ன சம்பந்தி, தாராளமா வாங்க என்று சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

முதல் புதன்கிழமை. ஒரு கன்னம் வீங்கி அழகம்மாள் வந்தார். ஜோதி சீக்கிரமே ஆபீசிலிருந்து வந்துவிட்டாள். ஆனந்தவள்ளியின் கணவர் ஜெயக்குமார் டிவியைப் போட்டார். வானத்திலிருந்து கேமரா மண்டபத்தின் மேல் இறங்கியது, படிக்கட்டில் கால் தடுக்கித் தடுக்கி இறங்குவதுபோல. அடுத்து நாதஸ்வரக்காரர்களின் வரிசை. ஒவ்வொருவரும் உட்கார்ந்த இடத்திலேயே குதித்தார்கள். அழகம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டிவியே அப்படித்தானா என்று தயங்கிக் கேட்டார். சீராக வந்த பொருளைக் குறை சொன்னதாகிவிடுமே என்று ஜெயக்குமார் ரிமோட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்.

ஆனந்தவள்ளிக்கு அந்த நொடியில்தான் வழி தெரிந்தது.

“டிவி தங்கமான டிவி சம்பந்தி. நெட்டுதான் சரியில்ல. ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்கோம் பாருங்க, சிக்னல் தண்ணியத் தாண்டி வரணும். காவேரில வெள்ளம் போனா இப்படித்தான்.”

ஜோதி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அழகம்மாள் மட்டும், அப்படியா, எங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது என்று ஆமோதித்தார். வெள்ளம் வடியட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று டிவியை அணைத்தார்கள். பல் வலிக்கு இதமாகக் குழையக் குழைய வைத்த பொங்கலைச் சாப்பிட்டு, பரவாயில்ல என்று சொல்லிவிட்டு அழகம்மாள் பஸ் ஏறினார்.

விஷயம் அதோடு போயிருக்கும், ஜெயக்குமார் வேறு மனிதராக இருந்திருந்தால். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற எதுவும் ஓடவேண்டிய மாதிரி ஓடவில்லை என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மறுநாளே பெங்களூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு மகனிடம் பாடம் கேட்க உட்கார்ந்தார். பக்கத்தில் ஆனந்தவள்ளி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

படம் நின்று நடுவில் வட்டம் சுற்றுகிறதா என்று அஜித் கேட்டான். இல்லை, நிற்காமல் விக்குகிறது என்றார் அப்பா. அப்படியென்றால் நெட்டின் மேல் பெரிய தப்பு இல்லை என்றான் அஜித். வீடியோ என்பது வரிசையாக ஓடும் புகைப்படங்கள்தான், இந்தக் கல்யாண வீடியோவில் நொடிக்கு அறுபது. டிவியால் அந்த வேகத்துக்கு எடுத்துக் காட்ட முடியாதபோது சிலதை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவும். அந்தத் தாவல்தான் விக்கல். எத்தனை படத்தை விழுங்கியது என்று திரையிலேயே ஒரு மூலையில் காட்டச் சொல்லவும் வழி இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தான். ஜெயக்குமார் அதைத் திறந்துவிட்டார். திருச்சி ஆட்டோக்களில் யாரும் ஓடிப் பார்த்திராத மீட்டர் அவர் வீட்டு டிவியில் ஓடியது.

ஒர்க்‌ஷாப் வழக்கப்படி ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்தார். பின்னால் திறந்து கிடந்த ஆப்புகளை மூடினார். மீட்டர் கொஞ்சம் மெதுவானது. கரண்ட் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு ஒன்று டிவிக்குள் இருந்தது, அதை அணைத்தார். படத்தை வழவழப்பாக்குகிறேன் என்று டிவி தானாக நடுவில் படங்களைச் சொருகும் வசதியையும் நிறுத்தினார். பீரோவுக்குப் பின்னால் கிடந்த ரூட்டரை வெளியே எடுத்து ஷெல்ஃபில் வைத்தார். கடைசியில் படத்தின் தரத்தை ஒரு படி குறைத்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாதஸ்வரக்காரரின் கன்னம் பூரி மாதிரி ஒரே சீராக உப்பியது. மீட்டர் அசையவில்லை. ஜெயக்குமார் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள், அட, பரவாயில்லையே என்றாள். சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தையைச் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் அவர் அம்மா மண்டபம் பக்கம் நடக்கப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் ஆனந்தவள்ளி ரிமோட்டை எடுத்தாள். ஒரு வாரமாகக் காதில் விழுந்த வைத்தியம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். அதையே பின்பக்கத்திலிருந்து செய்துகொண்டு வந்தாள். தரத்தை உச்சிக்கு ஏற்றினாள். கரண்ட் மிச்சத்தைப் போட்டாள். வழவழப்பை முழுசாகத் திருகினாள். ரூட்டருக்கு முன்னால், அது எப்போதும் இருக்கும் இடம்போல, எவர்சில்வர் குடம் ஒன்றைத் துடைத்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பில் குதிரை நடக்கவில்லை, நொண்டியது. ஜெயக்குமாரின் முகம் சுருங்கிப் போனதைப் பார்க்க ஆனந்தவள்ளிக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் பந்திக்காட்சி வரவில்லையே என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. அழகம்மாள், இந்த வாரமும் வெள்ளமா சம்பந்தி என்று பரிவோடு விசாரித்தார்.

அதற்கடுத்த வாரம் அஜித் பெங்களூரிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை அனுப்பினான். டிவிக்குள் இருக்கும் மூளை மெதுவானது, இதைச் செருகினால் வேலையை இது பார்த்துக்கொள்ளும் என்றான். உண்மையிலேயே பார்த்துக்கொண்டது. ஆனந்தவள்ளி மத்தியான நேரத்தில் போனில் தமிழ் டெக் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன், இந்தப் பெட்டிகளுக்குக் காற்றோட்டம் வேண்டும், சூடானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது ஃப்ரேம் விழும், படம் விக்கும் என்று சொன்னான். எதையெல்லாம் செய்யக்கூடாது என்று அவன் சொன்னானோ, அவற்றையெல்லாம் செய்யவேண்டியவையாக அவள் கேட்டுக்கொண்டாள். மணி வைத்துத் தைத்த கனமான வெல்வெட் உறை ஒன்று அவளிடம் இருந்தது. தூசி படியுமே என்று பெட்டிக்குப் போர்த்திவிட்டாள். வீட்டுப் பொம்பளை ஒருத்தி ஒரு பொருளுக்கு உறை போட்டால் யார் என்ன சந்தேகப்படுவார்கள்? நாதஸ்வரம் வரைக்கும் வீடியோ நன்றாக ஓடியது. மாலை மாற்றும்போது பெட்டிக்கு வியர்த்துவிட்டது. அஜித் போட்ட மாலை ஜோதியின் கழுத்துக்கு மூன்று தாவலில் போய்ச் சேர்ந்தது.

ஜெயக்குமார் உறையைக் கண்டுபிடித்துக் கழற்றினார். மனைவியைத் திட்டவில்லை, நல்லெண்ணத்தில் செய்தாள் என்று நம்பினார். அது அவளை என்னவோ செய்தது. இருந்தாலும் அடுத்த புதன்கிழமைக்கு அவள் செய்து வைத்ததுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. பெட்டியின் உள்ளே, திரைக்கு நொடிக்கு எத்தனை படம் அனுப்புவது என்று ஓர் இடம் இருந்தது. அறுபது என்று இருந்ததை ஐம்பது ஆக்கினாள். அறுபது பேர் வந்திருக்கும் பந்தியில் ஐம்பது இலை போட்ட கதை. பெட்டி எதையும் விழுங்கவில்லை; அதன் கணக்கில் எல்லாம் சரி. மீட்டர் ஒரு புள்ளி அசையவில்லை. படம் மட்டும் விக்கியது.

ஜெயக்குமார் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த அசையாத மீட்டரையும் விக்குகிற மணமேடையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருஷம் வேலை பார்த்து இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். ஆனந்தவள்ளிக்கு முதல்முறையாகத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனால் விட்டுவிடவும் வழி தெரியவில்லை. ஜோதி நல்ல பெண். ஆபீசிலிருந்து வரும்போது மறக்காமல் மல்லிகைப்பூ வாங்கி வருகிறவள். அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள். தன்னைப் பெற்றவளை அத்தை கேலி செய்து காட்டியதை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? அதற்கு டிவி விக்கியே தொலையட்டும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் புதன்கிழமையும் ஜோதி சீக்கிரமே வந்து காத்திருந்தாள், ஆனால் அழகம்மாள் பஸ்ஸில் வரவில்லை. வாசலில் டெம்போ ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கி, டிரைவரையும் கூடவே அழைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். உட்காரவில்லை. நேராக டிவியின் முன்னால் போய் நின்றார்.

“நான் குடுத்த பொருள் உங்க வீட்ல இப்படி மானத்த வாங்குதேன்னு எனக்குத் தூக்கமே வரல சம்பந்தி. கழட்டிக் குடுத்துடுங்க. துறையூர்க் கடையில போட்டுட்டு வேற எடுத்துட்டு வரேன்.”

ஜெயக்குமார் பதறி, டிவி மேல் தப்பே இல்லை சம்பந்தியம்மா, இன்னும் ஒரே ஒரு வாரம் பொறுங்கள், கண்டுபிடித்துவிடுவேன் என்று கெஞ்சினார். அழகம்மாள் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். டிரைவர் சுவரில் இருந்த டிவியின் அடியில் கை விட்டுத் திருகாணியைத் தடவிப் பார்த்தார். ஜெயக்குமார் வேறு வழி தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனந்தவள்ளி நினைத்துப் பார்த்தாள். தான் மறைக்கப் பார்த்தது ஒரு கேலியை. இப்போது நடப்பது, ஆசையாகப் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த ஒருத்தியை அழவைத்து அந்தப் பொருளைத் திருப்பி அனுப்புவது. எது பெரிய அவமானம் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

டிரைவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். ரிமோட்டை எடுத்தாள். ஹாலில் இருந்த நான்கு பேரும் பார்க்க, விரல் ஒரு இடத்தில்கூடத் தயங்காமல் பெட்டியின் உள்ளே போய் ஐம்பதை அறுபதாக்கினாள். டிவிக்குள் போய்க் கரண்ட் மிச்சத்தை அணைத்தாள், வழவழப்பை நிறுத்தினாள். ரூட்டருக்கு முன்னால் இருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீடியோவைப் போட்டாள். வானத்திலிருந்து கேமரா, பருந்து இறங்குவதுபோல ஒரு நடுக்கமும் இல்லாமல் மண்டபத்தின் மேல் இறங்கியது.

ஜெயக்குமார் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே நின்றார். குடத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.  அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அழகம்மாளின் கண்ணீர் எங்கே போனதென்று தெரியவில்லை. சோபாவில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

“நாதஸ்வரம், குதிரை எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு சம்பந்தி. நேரா பந்திக்குப் போங்க.”

ஆனந்தவள்ளி ரிமோட்டைச் சோபாவில் போட்டுவிடலாமா என்று பார்த்தாள். ஆனாலும் தள்ளினாள். வாழைத்தார்கள் வந்தன. மூட்டைகள் வந்தன. புல்லாங்குழல் ஆரம்பித்தது. சுவர் அளவுக்கு ஆனந்தவள்ளி நின்றாள். ஸ்டீபன்ராஜ் சொன்னது பொய்யில்லை, வெண்ணெய்தான். சொட்டு வழுக்கிக்கொண்டு உள்ளங்கைக்கு இறங்கியது. கண் இமை ஒவ்வொரு மயிராக மூடியது. உதடு குவிந்து, சப்புக்கொட்டி, பரவாயில்ல என்று பிரிந்தது. பின்னால் தங்கை தேங்காய்க் கூடையோடு சாய்ந்தாள். நிஜ ஆனந்தவள்ளி குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். 

“திருப்பி ஓட்டுங்க” என்றார் அழகம்மாள்.

திருப்பி ஓட்டினாள். அழகம்மாள் முன்னால் குனிந்து, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர்போல உன்னிப்பாகப் பார்த்தார்.

“இடுப்புல கை வச்சது சரி. சப்புக்கொட்டினதும் சரி. கண்ணுதான் தப்பு. நான் மூடுறது இடது கண்ணு, நீங்க வலதை மூடியிருக்கீங்க.”

அதற்கு மேல் ஜோதியால் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அங்கிருந்து அவள் சிரிப்பு பாத்திரம் உருண்டதுபோலக் கேட்டது.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. லிங்க் வந்த அன்றைக்கே அழகம்மாள் உப்பிலியபுரத்தில், பச்சைமலை அடிவாரத்தில் உட்கார்ந்து போனிலேயே முழுசையும் பார்த்துவிட்டாராம். ஒரு விக்கல் இல்லையாம். மலையைத் தாண்டி வருகிற சிக்னலுக்கே ஒன்றும் ஆகவில்லை, உங்கள் ஊரில் தண்ணீரைத் தாண்டி வருவதற்கு என்ன கேடு என்று முதல் வாரமே நினைத்துக்கொண்டாராம். இரண்டாவது வாரம் ரூட்டர் முன்னால் குடத்தைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்ததாம். சம்பந்தி எதுவரைக்கும் போகிறார் என்று பார்த்துவிடுவோம் என்று மகளிடம் சொல்லி, இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். பல் வைத்தியமே போன வாரம் முடிந்துவிட்டது. டெம்போ, காந்தி மார்க்கெட்டுக்குச் சின்ன வெங்காயம் ஏற்றி வந்த டெம்போ. திரும்பும்போது சும்மா திரும்புகிறது என்று டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்தது. பாவம், அந்த மனிதருக்கு நடிக்கவேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. சுவரில் இருப்பதைக் கழற்ற உதவி வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஆனந்தவள்ளிக்கு முதலில் வெட்கம் வந்தது. அடுத்து, இத்தனை வாரமாகத் தன்னை ஆட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்களே என்று கோபம் வந்தது. கோபப்படத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தேடிப் பார்த்ததில் ஒன்றும் அகப்படவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழகம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தப்புதான் சம்பந்தி. பாயசத்தக்கூட பரவாயில்லன்னுட்டீங்களேன்னு ஒரு ஆத்திரம்.”

அழகம்மாள் நிஜமாகவே திகைத்தார். “எங்க பக்கம் அதுக்கு மேல சொல்ல வார்த்தை கிடையாது சம்பந்தி. என் மாமியார் சாகிறவரைக்கும் என் சமையலுக்குப் பரவாயில்லன்னு சொன்னதில்ல.”

சிரிப்பதா வேண்டாமா என்று ஆனந்தவள்ளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அழகம்மாள் எழுந்தார். ரிமோட்டை வாங்கி முந்தானைக்குள் சொருகினார். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, டிவி தங்கமான டிவி சம்பந்தி என்று ஆரம்பித்துக் காவேரி வெள்ளம் வரை செய்து காட்டினார். அந்தக் கழுத்துச் சாய்ப்பு தனக்கு உண்டு என்று ஆனந்தவள்ளிக்கு அன்றுவரை தெரியாது. டெம்போ டிரைவர் முதல்தடவையாக வாய் திறந்து சிரித்தார். கடைசியில் ஆனந்தவள்ளியே கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரிக்காதது ஜெயக்குமார் ஒருவர்தான். எல்லாருக்கும் காபி வந்தபோதும் ஸ்க்ரூ டிரைவரைக் கையிலிருந்து விடவில்லை. அழகம்மாள் கிளம்பி, ஜோதி தெருமுனைவரை வழியனுப்பப் போனபிறகு, ஆனந்தவள்ளி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். பீரோவுக்குப் பின்னால் அவர் முட்டி போட்டுத் தவழ்ந்ததும், சாப்பிடாமல் படுத்ததும் அவளுக்குத்தான் நினைவு வந்தது.

“எல்லாம் சரி வள்ளி” என்றார் அவர். “மீட்டர் ஓடாம விக்க வச்சியே, அது எப்படி?”

அழகம்மாள் போகும்போது மேஜைமேல் வைத்துவிட்டுப் போன ரிமோட்டை அவள் எடுத்துக் கொடுத்து, அந்த இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அறுபது, ஐம்பது, பந்தி, இலை என்று விளக்கினாள். அவர் ஐம்பது ஆக்கிப் பார்த்தார், அறுபது ஆக்கிப் பார்த்தார். மறுபடி ஐம்பது. குதிரை நொண்டியது. மறுபடி அறுபது. குதிரை நடந்தது. அவர் முகத்தில் மெல்ல மெல்ல, ஒரு வண்டி ஷெட்டை விட்டுப் புறப்படும்போது வரும் சந்தோஷம் வந்தது. திட்டு எதுவும் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பிசாசுடி நீ என்று மட்டும் சொன்னார், அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

அப்போது வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டு வஹீதா. கணவர் நஸ்ருல்லா துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறாராம். வந்த நாளாக மேட்ச் பார்க்க முடியவில்லையாம். பந்து போடுகிறவன் ஓடி வருகிறான், பந்து நேராகக் கீப்பர் கையில் இருக்கிறது, நடுவில் எதுவும் தெரியவில்லை என்று ஒரே சண்டை. சாருக்கு இதெல்லாம் தெரியும் என்று ஜோதி சொன்னாளாம். கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா?

ஜெயக்குமார் ஸ்க்ரூ டிரைவரை மேஜை மேல் வைத்தார்.

“நான் எதுக்கும்மா? இவங்கள அழைச்சிட்டுப் போ.” பிறகு மனைவியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கீழ யார் மேலயும் உனக்குக் கோபம் ஒண்ணும் இல்லல்ல?”

ஆனந்தவள்ளி கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு படி இறங்கினாள்.